மரக்கன்றா, காய்கறிப் பாத்தியா: தொடக்கப் பள்ளிக்கு எது தாங்கும்?

எங்கள் பள்ளி கடலூர் மாவட்டத்தில், கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் பூமியில் இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. சுற்றுச்சூழலுக்கென்று செய்வது ஒருநாள் விழாவோடு முடியக் கூடாது, பிள்ளைகளின் அன்றாடத்தில் கலக்க வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பேச்சு எழுந்தபோது, இரண்டு யோசனைகள் எதிரெதிரே நின்றன. ஒன்று, சுற்றுச்சுவர் நெடுக மரக்கன்றுகள். மற்றொன்று, சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் காய்கறித் தோட்டமும் எருக்குழியும். நாங்கள் தோட்டத்தை எடுத்துக்கொண்டோம். அதே கேள்வியோடு நிற்கும் மற்ற ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். தோட்டத்தின் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை விரைவாகத் தாண்டிவிடலாம். மரம் நிழல் தரும், பறவை வரும், தலைமுறைக்கு நிற்கும். தோட்டம் கீரை தரும், சாம்பாருக்கு நாலு காய் தரும். இதில் வாதமே இல்லை. மழைநீர் சேகரிப்பு, கூரையில் சூரியத் தகடு ஆகியவற்றையும் சிலர் சொன்னார்கள். நல்லவைதான். ஆனால் அவை கட்டடத்தின் வேலை. ஏழு வயதுப் பிள்ளை அதில் கை வைக்க ஒன்றுமில்லை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் சட்டமே ஆகிவிட்டது. அதைப் பள்ளி கடைப்பிடித்தே ஆக வேண்டும், தேர்வு செய்ய அதில் எதுவுமில்லை.

தீர்மானிக்கும் விஷயம் ஒன்றே ஒன்று: மே மாதம்.

ஏப்ரல் கடைசியில் பள்ளியைப் பூட்டினால் ஜூனில்தான் திறப்போம். அந்த இடைவெளியில்தான் கத்திரி வெயில். நட்ட கன்று வேர் பிடித்துத் தானே நிற்கக் குறைந்தது இரண்டு கோடையாவது ஆகும். 50 கன்று நட்டோம் என்று வையுங்கள். வாரம் இரண்டு முறை, கன்றுக்கு ஒரு குடம் என்று சிக்கனமாகக் கணக்கிட்டாலும் வாரத்துக்கு 100 குடம். ஐந்தாறு வாரத்துக்கு 500, 600 குடம். இதை ஊற்றப் போவது யார்? பிள்ளைகள் அத்தை வீட்டிலும் பாட்டி வீட்டிலும் இருப்பார்கள். ஆசிரியர்களில் பாதிப் பேர் வெளியூர். இரவுக் காவலர் என்று ஒருவர் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் இருப்பதில்லை. நட்டவர்கள் யாருக்கும் அக்கறை இல்லாமல் இல்லை. அக்கறை உள்ளவர்கள் அங்கே இல்லாத வாரங்களில்தான் கன்று காய்கிறது.

காய்கறித் தோட்டத்துக்குத்தான் பராமரிப்பு அதிகம் என்று எங்கள் குழுவிலும் பலர் நினைத்தார்கள். நாளுக்கு நாள் பார்த்தால் அது உண்மை. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் நிலைமை தலைகீழ். காய்கறியின் ஆயுள் பள்ளி நாட்காட்டிக்குள் அடங்கிவிடுகிறது. ஜூனில் திறந்ததும் விதைத்தால் அரைக்கீரையும் சிறுகீரையும் ஒரு மாதத்தில் கைக்கு வரும். வெண்டையும் கொத்தவரையும் ஆகஸ்டில் காய்க்கும். ஜூனில் நாற்று விட்ட கத்திரி செப்டம்பரில் காய் பிடிக்கும். இந்த மாவட்டத்துக்கென்றே பாலூர் ஆராய்ச்சி நிலையத்தின் பாலூர் 1 கத்திரி இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாத்தியை ஆறப் போட்டுவிட்டு, பந்தலில் ஏறிய அவரையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். தை பிறந்ததும் இரண்டாவது விதைப்பு. ஏப்ரலில் கடைசிக் காயைப் பறித்து, செடியைப் பிடுங்கி எருக்குழியில் போட்டு, பாத்தி மேல் வேப்பிலைச் சருகை மூடிவிட்டுக் கிளம்பலாம். பறிக்காமல் முற்றவிட்ட வெண்டை நெற்றையும் அவரை விதையையும் பிள்ளைகளே உலர்த்தி, சாம்பல் கலந்து பாட்டிலில் அடைத்து வைப்பார்கள். மே மாதம் முழுக்க எங்கள் தோட்டம் அந்தப் பாட்டிலில்தான் இருக்கும். அதற்குத் தண்ணீர் வேண்டாம்.

மரத்துக்குப் பாதகமாக இன்னொரு காலக் கணக்கும் உண்டு. நமக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் பெய்கிறது. உலகச் சுற்றுச்சூழல் நாளோ ஜூன் 5. கேரளத்துக்கு அது மழை தொடங்கும் வாரம். கடலூருக்கு வெயில் இன்னும் தணியாத வாரம். அன்றைக்கு நடும் கன்று முதல் நாளிலிருந்தே குடத்துத் தண்ணீரை நம்பி நிற்கிறது. செப்டம்பர் கடைசியில் நட்டால் மூன்று மாத மழையில் வேர் ஓடிய பிறகு கோடையைச் சந்திக்கும். மரம் நடுவதுதான் உங்கள் முடிவு என்றால் விழாவுக்காக நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இனி, தோட்டத்துக்கு உண்மையில் என்னென்ன வேண்டும் என்று சொல்கிறேன். முதலில் வேலி. விதை வாங்கும் முன்பே வேலி. ஆடு ஒரு மத்தியானம் உள்ளே புகுந்தால் ஒரு பருவ உழைப்பு போய்விடும். பழைய வலையைக் கட்டி, அதை ஒட்டி நொச்சியும் ஆடாதொடையும் வைத்திருக்கிறோம்; இரண்டையும் ஆடு கடிப்பதில்லை, குச்சியை ஊன்றினாலே தழைத்துவிடும். அடுத்து தண்ணீர். மதியம் தட்டு கழுவும் இடத்திலிருந்து ஓடும் தண்ணீரை ஒரு சிறு வாய்க்கால் வெட்டி வாழைக்கும் சேம்புக்கும் திருப்பிவிட்டோம். கீரைக்கு அதை விடுவதில்லை. பச்சையாகக் கிள்ளும் இலையில் எச்சில் தண்ணீர் படக் கூடாது. மழைக்காலத்தில் வேர் அழுகாமலிருக்க மேட்டுப்பாத்தி கட்டாயம்.

எருக்குழிதான் என் மனத்துக்கு மிக நெருக்கமானது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவானது. மதியச் சத்துணவும் இருப்பதால் பள்ளியிலேயே இரண்டு வேளையும் காய் நறுக்குகிறார்கள். தோல், காம்பு, முட்டை ஓடு எல்லாம் முன்பு குப்பைக்குப் போனது, இப்போது குழிக்கு வருகிறது. மாசி, பங்குனியில் வேம்பு கொட்டும் இலையைக் கூட்டிக் கொளுத்துவதும் நின்றுவிட்டது. ஒரு கூடை ஈரக் கழிவு, அதன் மேல் இரண்டு கூடை சருகு, கொஞ்சம் மண். சோறு மட்டும் போடக் கூடாது; எலியும் நாயும் வந்துவிடும். மிஞ்சும் சோறு தனி வாளியில் மாட்டுக்குப் போகிறது. எது குழிக்கு, எது மாட்டுக்கு, எது தனியே வைக்கும் பிளாஸ்டிக் உறைகளோடு என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளை கூடச் சரியாகப் பிரிக்கிறது. மக்குவதையும் மக்காததையும் படமாகக் காட்டிக் கற்பிப்பதற்கும் இதற்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது. மூன்று மாதம் கழித்துக் குழியைக் கிளறும்போது தோல் மண்ணாகியிருக்கும், தவறிப் போய் விழுந்த மிட்டாய்த் தாள் பளபளவென்று அப்படியே இருக்கும். அதைப் பார்த்த பிள்ளைக்கு நான் மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

பாடத்துக்கும் தோட்டம் கைகொடுக்கிறது. அவரைக் கொடியை அளவுகோலால் அளந்து எழுதுவது மூன்றாம் வகுப்பு. செடியில் அசுவினிப் பூச்சி விழுந்தால் வேப்பங்கொட்டை இடித்துக் கரைசல் வைப்பது ஐந்தாம் வகுப்பு. கீரை வேண்டாம் என்று ஒதுக்கிய பிள்ளைகளில் சிலர் தாங்கள் விதைத்த கீரை என்றால் சாப்பிடுகிறார்கள். எல்லோரும் என்று சொல்ல மாட்டேன்.

மரத்தின் பக்கமும் நியாயம் பேச வேண்டும். சுற்றுச்சுவரும் ஆழ்துளைக் கிணறும் இருந்து, பள்ளிக்கு எதிர் வீட்டிலேயே பொறுப்பான ஒருவர் இருந்தால் மரம் நல்ல தேர்வு. புங்கன், வேம்பு, பூவரசு என்று பார்த்து வையுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்ததைப் பார்த்தவர்கள் நாம். சட்டென்று முறியும் தூங்குமூஞ்சி மரத்தை வகுப்பறைக் கூரையை ஒட்டி யாரும் வைக்காதீர்கள். மே மாதத் தண்ணீரே கேட்காத மரம் ஒன்றும் உண்டு: பனை. ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டையைப் பொறுக்கி ஏரிக்கரையில் ஊன்றினால் மீதியை மழை பார்த்துக்கொள்ளும். எங்கள் பிள்ளைகளும் ஊன்றியிருக்கிறார்கள். ஆனால் பனை பலன் தரப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதால், அது எப்படி வரும் என்று நான் சொல்லக் கூடிய நிலையில் இல்லை.

என் அனுபவம் ஒரே மண்ணில்தான். தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கம் மணலில், உப்புத் தண்ணீரில் வேலை செய்யும் ஆசிரியர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாமல் போகலாம். முழுக்கச் சிமெண்டுத் தளம் போட்ட நகரப் பள்ளியில் தொட்டியும் சாக்குப் பையும்தான் வழி. அதில் நான் ஈடுபட்டதில்லை.

தோட்டத்துக்கு இன்னொரு பலமும் இருக்கிறது, இது ஆசிரியர்களுக்கே புரியும். கலந்தாய்வில் மாறுதல் வந்து நான் போய்விட்டால், நான் வைத்த மரங்களைக் கேட்பாரற்று விட்டுப் போக நேரலாம். தோட்டம் ஒவ்வொரு ஜூனிலும் புதிதாகத் தொடங்குவது. புதிதாக வரும் ஆசிரியர் விதைப் பாட்டிலைத் திறந்தால் போதும்.

மரத்தை நாங்களும் கைவிடவில்லை. வரும் புரட்டாசியில் வகுப்புக்கு ஒன்றாக ஐந்து கன்று நடப் போகிறோம். ஒவ்வொரு கன்றுக்கும் கோடையில் தண்ணீர் ஊற்றப் போகும் உள்ளூர்ப் பெற்றோரின் பெயரை எழுதிய பிறகே குழி வெட்டுவது என்று குழுவில் முடிவாகியிருக்கிறது. இதுவரை மூன்று பெயர் கிடைத்திருக்கிறது. ஐந்து கிடைக்கவில்லை என்றால் மூன்றுதான் நடுவோம்.