டெஸ்டரா, மல்டிமீட்டரா, டெஸ்ட் லேம்ப்பா: எரியாத லைட் பாயின்ட்டில் எதை நம்புவது?

சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியவில்லை, அல்லது எரிந்து எரிந்து அணைகிறது. பல்பை மாற்றிப் பார்த்தாயிற்று, எம்.சி.பி.யும் (போர்டில் இருக்கும் பிரேக்கர்) விழவில்லை. இனி போர்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அப்போது கையில் எதை வைத்துக்கொள்வது என்று கேட்டால், என் ஓட்டு டெஸ்ட் லேம்ப்புக்கு. ஒரு ஹோல்டர், அதில் 100 வாட் குண்டு பல்பு, இரண்டு மீட்டர் ஒயர் இரண்டு, வேறொன்றும் கிடையாது.

டெஸ்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்த ஒயர் ஃபேஸ் (கரன்ட் வரும் ஒயர்) என்று காட்டும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் நியான் விளக்குக்கு ஒரு மில்லி ஆம்பியரில் சிறு பங்கு போதும். அதுவும் உங்கள் உடம்பு வழியாகத்தான் போகிறது. மர ஸ்டூலில் ரப்பர் செருப்போடு நின்றால் ஒளி மங்கிவிடும். எனவே டெஸ்டர் எரியவில்லை என்பதற்காக ஒயரைத் தொட்டுவிடாதீர்கள். நியூட்ரல் (கரன்ட் திரும்பிப் போகும் ஒயர்) கட் ஆகியிருந்தால் பல்பின் வழியாக ஃபேஸ் திரும்பி வந்து, ஹோல்டரின் இரண்டு பின்னிலும் டெஸ்டர் எரியும். ‘ரிட்டர்ன் வருது’ என்று எலக்ட்ரீஷியன்கள் சொல்வது இதைத்தான். ஃபேஸ் எது என்பதைத் தவிர டெஸ்டர் தரும் உருப்படியான தகவல் இது ஒன்றே. தொடாமலே பீப் அடிக்கும் பேனா டெஸ்டரும் இதே ரகம்.

மல்டிமீட்டர் எண்ணைச் சொல்லும். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வந்தாலோ, 290 வந்தாலோ அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை. சப்ளையை அணைத்து, சுவிட்சைக் கழற்றி, கன்டினியூட்டியில் (இணைப்பு அறுந்திருக்கிறதா என்று காட்டும் நிலை) பார்க்கவும் அதுதான் வேண்டும். சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. வாங்கும்போது உறையில் கேட் 3 (CAT III என்ற பாதுகாப்புத் தரம்), 600 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் செருகிய மறதியோடு லைனில் வைத்தால் அது நேரடி ஷார்ட்.

பிறகு ஏன் டெஸ்ட் லேம்ப்? லோடுதான், அதாவது லைனிலிருந்து இழுக்கும் கரன்ட்தான், காரணம். மீட்டர் லைனிலிருந்து கிட்டத்தட்ட ஒன்றும் இழுப்பதில்லை. டெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்து, செம்பு பச்சை பூத்து, அந்த இணைப்பில் 200 ஓம் தடை ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்தடை 10 மெகா ஓம் உள்ள மீட்டர் அந்த இடத்தைத் தாண்டியும் 230 என்றே காட்டும். 9 வாட் எல்.இ.டி. இழுப்பது 40 மில்லி ஆம்பியர் சொச்சம். இழப்பு 8, 9 வோல்ட்தான், அந்த எல்.இ.டி.யும் கம்மென்று எரியும். 100 வாட் குண்டு பல்பை வைத்தால் அதற்குக் கிடைப்பது சுமார் 160 வோல்ட். வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு தேறினால் அதிகம். கண்ணே மீட்டர். வீடெல்லாம் எல்.இ.டி. ஆனபின் இந்த மாதிரிப் பழுதுகள் வெளியே தெரியாமல் ஒளிந்துகொள்கின்றன. ஃபேனையோ அயர்ன் பாக்ஸையோ போடும் அன்றுதான் கருகிய வாடை வருகிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றுக்கு டெர்மினல் பச்சை பூப்பது வாடிக்கை. ஐப்பசி மழையில் சுவர் ஊறும் பழைய வீடுகளிலும் இதே கதைதான்.

எதிர்த்திசையிலும் இதே காரணம் உதவும். மாடிப்படி டூ-வே சுவிட்சில் ஒயர்கள் ஒரே பைப்பில் நெடுகப் போகின்றன. உயிரில்லாத ஒயரிலும் பக்கத்து ஒயரின் தூண்டலால் மீட்டர் 60, 80 வோல்ட் காட்டும், டெஸ்டரும் மினுக்கும். டெஸ்ட் லேம்ப்பை வைத்த நொடியில் அந்தப் பொய் வோல்டேஜ் படுத்துவிடும், பல்பு எரியாது.

வரிசை இதுதான். முதலில் நன்றாக வேலை செய்யும் சாக்கெட்டில் லேம்ப்பைச் சோதியுங்கள். எம்.சி.பி.யை அணையுங்கள், இன்வெர்ட்டரையும் அணையுங்கள். மெயின் போனாலும் லைட் பாயின்ட்டுக்கு இன்வெர்ட்டர் லைன் உயிரோடு இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். போர்டைத் திறந்து, உலோகம் எதிலும் படாமல் நிறுத்திவிட்டு சப்ளையைக் கொடுங்கள். லேம்ப்பின் ஒரு முனை போர்டிலுள்ள நியூட்ரலில், மறுமுனை சுவிட்சின் உள்வரும் டெர்மினலில். எரியாவிட்டால் லூப் ஒயரை (சுவிட்சுக்குச் சுவிட்ச் ஃபேஸைக் கொண்டுபோகும் ஒயர்) பாருங்கள். முதல் இரண்டு சுவிட்ச் வேலை செய்து மூன்றாவதிலிருந்து எல்லாம் செத்திருந்தால், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான் கோளாறு. உள்வரும் டெர்மினலில் முழுதாக எரிந்து, சுவிட்சைப் போட்டபின் வெளிச்செல்லும் டெர்மினலில் மங்கினாலோ துடித்தாலோ சுவிட்சின் கான்டாக்ட் கருகிவிட்டது. அதைச் சுரண்டிச் சரிசெய்ய மெனக்கெட வேண்டாம், 6 ஆம்பியர் புது சுவிட்ச் போடுங்கள். இரண்டிலும் முழு வெளிச்சம் என்றால் பழுது போர்டுக்கு மேலே. ஹோல்டரின் இரு பின்னிலும் லேம்ப்பை வையுங்கள். எரிந்தால் பின்னின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். எரியாவிட்டால், போர்டிலிருந்து நியூட்ரலை நீள ஒயரில் இழுத்து ஹோல்டரின் ஃபேஸ் பின்னோடு பாருங்கள். இப்போது எரிந்தால் நியூட்ரல்தான் கட், அப்போதும் எரியாவிட்டால் சுவிட்சிலிருந்து மேலே போகும் ஒயர். கோளாறுள்ள இணைப்பு சூடேறும் என்பதால் எங்கேயும் சில விநாடிகளுக்கு மேல் வைக்காதீர்கள்.

லேம்ப்பின் முனையை நியூட்ரலுக்குப் பதில் எர்த்தில் வைத்தால், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் லைனை வெட்டும் பிரேக்கர்) உள்ள வீட்டில் உடனே ட்ரிப் ஆகும். வேறு ஆர்.சி.சி.பி.யின் நியூட்ரலை இரவல் வாங்கினாலும் அப்படியே.

டெஸ்ட் லேம்ப்பின் குறைகளும் சின்னவை அல்ல. கண்ணாடி உடையும், சூடாகும். ஒயர் முனையில் நாலு மில்லிமீட்டருக்கு மேல் செம்பு தெரியக்கூடாது. குண்டு பல்பு இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. ‘ஜீரோ வாட்’ என்று விற்கும் 15 வாட் பல்பு பொய் வோல்டேஜைப் பிடிக்கும், தளர்ந்த இணைப்பைப் பிடிக்க அதன் லோடு பற்றாது. எல்.இ.டி. பல்பில் டெஸ்ட் லேம்ப் கட்டவே கூடாது. வைஃபை சுவிட்ச், டிம்மர் இவற்றில் இதை வைத்துப் பழகியது எனக்குக் குறைவு. அங்கே மீட்டரே சரி என்று படுகிறது.

த்ரீ பேஸ் வீட்டில் மட்டும் கூடுதல் கவனம். ஒரே போர்டுக்கு ஏ.சி. ஒரு ஃபேஸிலும் லைட் வேறு ஃபேஸிலும் வந்திருக்கலாம். இரண்டுக்கும் இடையே 400 வோல்ட்டுக்கு மேல். ஒற்றைப் பல்பு வெடித்துவிடக்கூடும். அங்கே ஒரே வாட்டில் இரண்டு பல்பைச் சீரிஸில் கட்டிய லேம்ப்பைப் பயன்படுத்துங்கள். 230 வோல்ட்டில் இரண்டும் மங்கலாக எரியும், 400ல் பளிச்சென்று எரியும்.