ராயக்கோட்டை மலையும் கிருஷ்ணகிரி நடுகற்களும்: பிள்ளைகளோடு ஒரு ஞாயிறு

தர்மபுரிப் பக்கம் இருந்து குடும்பத்தோடு ஒரே நாளில் போய்வர இடம் தேடுகிறவர்களுக்கு இது. பாலக்கோடு வழியாக, பழைய கோட்டை இருக்கிற ராயக்கோட்டை மலை, அப்புறம் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம். போன மாதமே கிளம்பினோம். அன்றைக்கு இரண்டாம் சனி, அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. வாசலில் போய் நின்ற பிறகுதான் உறைத்தது. வெள்ளியும் விடுமுறைதான். ஞாயிறு போங்கள்.

மலையில் விடிந்ததுமே ஏறிவிட வேண்டும். நாங்கள் தக்காளி மண்டிப் பக்கம் டீ, வடை என்று நின்றதில் ஒன்பதரை ஆகிவிட்டது. பாறை சுட்டது. பாதி வழியில் சின்னவனுக்குச் செருப்பு வார் அறுந்து, மாமனாரின் துண்டைக் காலில் சுற்றிக்கொண்டு ஏறினான்.

மாமா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மேலே போனதும் பையன், "பீரங்கி எங்க தாத்தா?" என்றான். "பீரங்கிய விடு சாமி, தண்ணி எங்க இருக்குன்னு பாரு" என்றார். பாசி படிந்த ஒரு சுனையைக் கண்டுபிடித்துக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மலைக்கோட்டைக்காரனுக்கு மதிலைவிடச் சுனைதான் பெரிசாம், அது வற்றினால் கதவைத் திறந்துவிட வேண்டியதுதானாம். 1791 ஜூலையில் மேஜர் கௌடி தலைமையில் இங்கே வந்த கும்பெனிப் படை (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை) கீழ்க்கோட்டையைப் பிடித்ததும், மேலே இருந்த திப்புவின் ஆட்கள் சரணடைந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரியில் கதை வேறு. மாக்ஸ்வெல் தலைமையில் வந்த கும்பெனிப் படை மலைமேல் ஏற முடியாமல் திரும்பியது. 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் பாராமகால், அதாவது இந்தச் சுற்றுவட்டாரம், முழுக்கக் கும்பெனி கைக்குப் போனது தனி. இதையெல்லாம் வீட்டில் படித்துவிட்டுப் போங்கள். வெறும் இடிந்த சுவரைக் காட்டினால் பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் போனை எடுத்துவிடுவார்கள்.

அருங்காட்சியகத்தில் நான் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நடுகற்கள் முன்னால் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ஒரு கையில் வில், ஒரு கையில் வாள், உடம்பில் தைத்த அம்பு. பெரியவள் விரலை வைத்து அம்புகளை எண்ணினாள். ராஜாவா என்று கேட்டாள். இல்லை, ஊர் மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்களை மறித்துச் செத்தவர்களுக்கு நட்டதுதான் இதில் நிறைய என்றேன். "மாட்டுக்காகவா?" என்றாள். வீட்டில் இரண்டு கறவை இருக்கிறது, அதில்தான் இவள் பள்ளிக்கூட வேன் காசே கட்டுகிறோம். அதைச் சொன்னதும் புரிந்தது. தர்மபுரியிலேயே நடுகற்களுக்கு அகழ்வைப்பகம் (தொல்லியல் அருங்காட்சியகம்) இருக்கிறது. வாரம் ஒருதரம் அந்தப் பக்கம் போகிறேன், இதுவரை உள்ளே நுழைந்ததில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

மதியச் சாப்பாடு பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு கடையில். சாம்பார் ஆறிப்போயிருந்தது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. சாயந்திரம் கேஆர்பி அணையில் சுடச்சுட வறுத்துக் கொடுத்த மீன்தான் அதைச் சரிக்கட்டியது.

திரும்பும்போது மாமா, செங்கம் பக்கம் எடுத்தனூரில் நாய்க்கும் சேர்த்து நட்ட கல் இருக்கிறது என்று எடுத்துவிட்டார். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல். எசமானன் செத்த பிறகும் கூடவே நின்று திருடர்களைக் கடித்த நாய், பெயர் கோவிவன். அதிலிருந்து பையன் எங்களை விடவில்லை. அரைப் பரீட்சை லீவுக்கு அங்கேதான். செருப்பு புதிதாக வாங்கியாகிவிட்டது.