பாலைவன மண் பாதைக்கு வயேர் 88பி கம்ப்ரசரும் ஏஆர்பி டிஃப்ளேட்டரும்: எதற்குப் போதும், எதற்குப் போதாது

பாலைவனத்தின் ஊடே ஏதோ ஒரு ஒதுக்குப்புறமான கடல் வளைகுடாவுக்குப் போகும் மண் பாதை என்றால், வண்டியில் என்ன மாட்டலாம் என்ற பேச்சு விஞ்ச், கூரை விளக்கு, உயர்த்திய சஸ்பென்ஷன் என்றுதான் தொடங்குகிறது. காற்றடிக்கும் கம்ப்ரசர் பட்டியலின் கடைசியில் வந்து சேர்கிறது. உண்மையில் அதுதான் முதலில் வர வேண்டும். கையில் கம்ப்ரசர் இல்லாதவர் டயரில் காற்றை இறக்கத் தயங்குவார். மறுபடி தார்ச் சாலை ஏறும்போது எங்கே அடிப்பது என்ற கவலை அவருக்கு. அந்தத் தயக்கத்தோடு 36 பிஎஸ்ஐ (பேச்சில் 36 பாயிண்ட்) காற்றில் மண் பாதை முழுக்க ஓட்டுவார். பாதி வழியில் ஷாக் அப்சார்பர் எண்ணெய் கக்கும், இல்லையென்றால் கரைக்கு முன்னால் உள்ள மணலில் வண்டி அச்சு வரை புதையும். ஆக, காற்றைத் தயங்காமல் இறக்கும் தைரியத்தைக் கொடுக்கிறதா என்பதை வைத்துத்தான் காற்றை ஏற்றும் வயேர் 88பி கம்ப்ரசர், காற்றை இறக்கும் ஏஆர்பி டிஃப்ளேட்டர் என்ற இந்த இரண்டு சாமான்களையும் எடை போட வேண்டும்.

டிஃப்ளேட்டரிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் வேலை அங்கேதான் தொடங்குகிறது. குச்சியால் வால்வை அழுத்திப் பிடித்துக் காற்றை விட்டால் ஒரு டயருக்கே பல நிமிடம் ஆகும். ஏஆர்பியின் ஈ-இசட் டிஃப்ளேட்டர், வால்வு தண்டுக்குள் இருந்து காற்றை அடைத்து வைக்கும் பின்னையே கழற்றி எடுத்துவிடுவதால் காற்று முழுத் துவாரத்தின் வழியே வெளியேறுகிறது. 36 பாயிண்டிலிருந்து 18 பாயிண்டுக்கு இறக்கச் சுமார் ஒரு நிமிடம் போதும். முதலில் பித்தளை முனையை வால்வு தண்டில் கையால் திருகுங்கள். பின்பக்கக் குமிழை உள்ளே தள்ளி, பின்னின் தலையில் பொருந்தும் வரை மெதுவாகத் திருப்புங்கள். பொருந்தியதும் இடப்பக்கமாகச் சுற்றினால் பின் கழன்று கருவிக்குள்ளேயே நிற்கும். மணலில் விழுந்து தொலையாது. குமிழை வெளியே இழுத்துவிட்டு, நடுவில் உள்ள வளையத்தை நகர்த்தினால் காற்று சீறும். வளையத்தை மூடினால்தான் மீட்டர் காட்டும் அளவு சரி. திறந்திருக்கும்போது முள் தாழ்ந்து நிற்கும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது.

திரும்பப் பின்னை ஏற்றும்போது அவசரம் கூடாது. தண்டின் மரை மிக மெல்லியது. விரல் நுனியால் இரண்டு மூன்று சுற்று லேசாகப் போன பிறகுதான் இறுக்க வேண்டும், அதுவும் அளவோடு. முறுக்கினால் பின்னின் அடிப்பக்க ரப்பர் நசுங்கி, இரவு முழுக்கக் காற்று கசியும். டயர் அழுத்த சென்சார் உள்ள வண்டிகளில் இன்னொன்றைக் கவனியுங்கள். அவற்றின் தண்டு பெரும்பாலும் அலுமினியம், உள்ளே இருப்பது நிக்கல் பூசிய பின். அதில் சாதாரணப் பித்தளைப் பின்னைப் போட்டால் கடலோர உப்புக்காற்றில் இரண்டு உலோகமும் ஒன்றையொன்று அரித்து இறுகிவிடும். அடுத்த முறை பின்னைத் திருகும்போது தண்டே முறியும், கூடவே சென்சாரும் போகும். உதிரிப் பின் வாங்கும்போது நிக்கல் பூசியதா என்று பார்த்து நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூடிக்கும் இதே விதிதான்: அலுமினியத் தண்டுக்குப் பிளாஸ்டிக் மூடியே நல்லது.

எவ்வளவு இறக்குவது? சுமை ஏற்றிய நடுத்தர எஸ்யூவி, தார்ச் சாலையில் 36 பாயிண்ட் என்று வைத்துக்கொண்டால், சரளையும் வரிப்பள்ளமும் (பாதையின் குறுக்கே வரிவரியாக விழும் சிறு மேடுபள்ளம்) உள்ள பாதைக்கு 25 முதல் 28 சரி. ஆழ்ந்த மணலுக்கு 16 முதல் 18. புதைந்துவிட்டால் 12 வரை போகலாம். ஆனால் அந்தக் காற்றில் ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். சாமான் பின்பக்கம் இருந்தால் பின் சக்கரங்களுக்கு இரண்டு மூன்று பாயிண்ட் கூட வையுங்கள். வேகமும் காற்றோடு சேர்ந்தே இறங்க வேண்டும்: 18 பாயிண்டில் மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் வேண்டாம். காற்று குறையும்போது டயர் தரையில் படும் தடம் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் கூடுகிறது, மணலில் மிதக்க வைப்பது அந்த நீளம்தான். 1920களின் இறுதியிலும் 1930களிலும் ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்தைக் கடந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரால்ஃப் பேக்னால்டின் குழுவினர் டயர் காற்றைக் குறைத்தும், சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடு வைத்தும்தான் மணலைத் தாண்டினார்கள். இன்றைக்கும் வழி அதேதான்.

கல் பாதையில் மட்டும் 18 பாயிண்ட் ஆபத்து. காற்று குறைந்தால் டயரின் பக்கவாட்டு உப்பி வெளியே தள்ளும். தரையில் படும் பகுதி கல்லை அணைத்துக்கொண்டு போகும். மெல்லிய பக்கவாட்டோ கூர்மையான விளிம்பில் உரசிக் கிழியும். பக்கவாட்டுக் கிழிசலை எந்தப் பஞ்சர் திரியும் நம்பகமாக அடைக்காது. அதனால் ஒரே பாதையில் கல், மணல், மறுபடி கல் என்று மாறி வந்தால் ஒவ்வொரு மாற்றத்திலும் நின்று காற்றை மாற்ற வேண்டும். கம்ப்ரசரின் உண்மையான வேலை இங்கேதான்.

வயேர் 88பி 12 வோல்ட்டில் ஓடும் கையடக்கக் கம்ப்ரசர். அதிகபட்ச அழுத்தம் 120 பிஎஸ்ஐ, மின்சாரம் அதிகபட்சம் 20 ஆம்பியர், 33 அங்குல டயர் வரைக்குமானது. அழுத்தமில்லாதபோது நிமிடத்துக்குச் சுமார் 41 லிட்டர் காற்று தள்ளும். வாங்குகிறவர்கள் 120 என்ற எண்ணைப் பார்த்து மயங்குகிறார்கள். கார் டயருக்கு 40க்கு மேல் யாருக்குத் தேவை? பார்க்க வேண்டியது லிட்டர் கணக்கைத்தான். 265/70 ஆர்17 அளவு டயரை 18லிருந்து 36க்கு ஏற்ற எண்பது லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான காற்று உள்ளே போக வேண்டும். அழுத்தம் ஏற ஏறத் தள்ளும் அளவு குறைவதால் டயருக்கு 3 முதல் 4 நிமிடம், நான்குக்கும் கால் மணி நேரம். ஒரு வண்டிக்கு இது தாராளமாகப் போதும்.

மூன்று நான்கு வண்டிகள் சேர்ந்து போகிறீர்கள், ஒரே கம்ப்ரசர்தான் என்றால் போதாது. இது இடைவிடாமல் ஓடும் ரகம் அல்ல. இரண்டு டயர் முடிந்ததும் ஐந்து நிமிடம் ஓய்வு கொடுங்கள், வெயில் உச்சத்தில் இருந்தால் பத்து. சூடு தாங்காமல் தானே நின்றுவிட்டால் கெட்டுப்போனது என்று நினைத்து ஸ்விட்சைத் திரும்பத் திரும்பத் தட்டாதீர்கள்; நிழலில் வைத்து ஆறவிட்டால் மறுபடி ஓடும். இடைவிடாத வேலைக்கு ஏஆர்பியின் இரட்டை மோட்டார் கம்ப்ரசர்தான் சரி, ஆனால் அதைப் பெரும்பாலும் வண்டியில் நிரந்தரமாகப் பொருத்தி வயரிங் செய்ய வேண்டியிருக்கும். 35 அங்குல டயர் என்றால் வயேர் நிறுவனத்தின் 400பி போதும்; அது 30 ஆம்பியர் கேட்கும். யுஎஸ்பியில் சார்ஜ் ஆகும் குட்டிக் கம்ப்ரசர்கள் நகரத்தில் இரண்டு மூன்று பாயிண்ட் ஏற்ற உதவும். நான்கு டயரையும் 18 பாயிண்டிலிருந்து தூக்கும் வேலைக்கு அவை வேண்டவே வேண்டாம்.

88பியில் சிகரெட் லைட்டர் பிளக் இல்லை, பேட்டரி கிளிப்தான் இருக்கிறது. குறை என்று பலர் சொல்வது இதைத்தான். உண்மையில் நல்ல முடிவு. லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலான வண்டிகளில் 10 முதல் 20 ஆம்பியர்தான், 20 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் அதைச் சுட்டுவிடும். சிலர் கிளிப்பை வெட்டி லைட்டர் பிளக் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபியூஸ் போகாவிட்டாலும் மெல்லிய வயரில் வோல்ட் விழுந்து மோட்டார் திணறும், சூடாகும், ஆயுள் குறையும். கிளிப்பை இப்படி மாட்டுங்கள்: இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும், கம்ப்ரசர் ஸ்விட்ச் அணைந்திருக்கட்டும், சிவப்பு கிளிப் பேட்டரியின் பாசிட்டிவில், கருப்பு கிளிப் பாடியில் உள்ள பெயின்ட் இல்லாத போல்ட்டில். நெகட்டிவ் முனையில் சென்சார் உள்ள புதிய வண்டிகளில் கருப்பு கிளிப்பைப் பேட்டரியிலேயே மாட்டினால் சார்ஜ் கணக்குத் தப்பும். விசிறி பெல்ட்டின் பக்கம் வயர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்ப்ரசரை மணலில் நேரடியாக வைக்காதீர்கள். தரை விரிப்பையோ பலகையையோ போட்டு அதன் மேல் வைத்தால் அதிர்வில் நகர்ந்து போகாது. காற்று இழுக்கும் வாயில் தூசியும் ஏறாது. அந்த ஃபில்டரை ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கழற்றித் தட்ட வேண்டும். தூசி உள்ளே போனால் பிஸ்டன் வளையம் தேய்ந்து, மோட்டார் ஓடியும் காற்று ஏறாத நிலை வரும். ஹோஸின் பித்தளை முனை ஓடி முடித்தபின் கொதிக்கும். கையுறை இல்லாமல் கழற்றினால் விரல் சுடும். கம்ப்ரசர் ஓடும்போது ஹோஸ் மீட்டர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். ஆகவே 36 வேண்டுமென்றால் மீட்டர் 36ஐக் காட்டியதும் நிறுத்தி, நின்ற முள்ளைப் பார்த்து மீதியை ஏற்றுங்கள். வரிப்பள்ளத்தில் பல மணி நேரம் குலுங்கிய மீட்டரை முழுதாக நம்பவும் முடியாது. தனியாக ஒரு பேனா வடிவ அழுத்தமானியை டேஷ்போர்டு பெட்டியில் துணி சுற்றி வையுங்கள். நீளமான பிக்கப் வைத்திருப்பவர்கள் பின் சக்கரம் வரை ஹோஸ் எட்டுகிறதா என்று வீட்டிலேயே இழுத்துப் பார்த்துவிட வேண்டும்.

வரிப்பள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டியின் ஸ்பிரிங்தான் அதற்குக் காரணம் என்று தோன்றலாம். 2007இல் வெளியான ஆய்வில், மணல் படுகையில் சக்கரத்தைச் சுற்றவிட்டுப் பார்த்தபோது ஸ்பிரிங் இல்லாத சாதாரணச் சக்கரமும் அதே வரிகளை உண்டாக்கியது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே மட்டும் வரி விழவில்லை. அந்த வேகம் வண்டி ஓட்ட முடியாத அளவுக்குக் குறைவு. அதாவது எவ்வளவு சமப்படுத்தினாலும் இந்தப் பாதைகள் மறுபடி வரியாகிவிடும். தாங்க வேண்டியது வண்டிதான். 80 கி.மீ. வேகத்தில் மேட்டுக்கு மேடு பறந்தால் குலுக்கல் தெரியாது என்று சொல்வார்கள். குலுக்கல் குறைவது உண்மை; டயர் பாதி நேரம் காற்றில் இருப்பதால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் பிடிக்காமல் போவதும் உண்மை. வளைவில் அது வண்டியைக் கவிழ்க்கும். 26 பாயிண்டில் டயரே ஸ்பிரிங் வேலையில் பாதியைச் செய்துவிடும், 40 முதல் 50 கி.மீ. வேகத்தில் நிம்மதியாகப் போகலாம். மணிக்கு ஒரு தடவை இறங்கி ஷாக் அப்சார்பரின் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட முடியாத அனல் அடித்தால் ஓய்வு கொடுக்க வேண்டும். பேட்டரி பிடிப்பு, கூரை ரேக் போல்ட், சக்கர நட்டு மூன்றையும் அப்போதே சரிபாருங்கள்.

காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளவை வையுங்கள். வெப்பநிலை 5, 6 டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறத்தாழ 1 பாயிண்ட் ஏறும். ஒரு மணி நேரம் ஓடியபின் 4 பாயிண்ட் ஏறியிருந்தால் சரியான காற்று. 8 ஏறியிருந்தால் காற்று குறைவு, அல்லது வேகம் அதிகம், அல்லது சுமை அதிகம். சூடான டயரிலிருந்து அந்த எட்டை இறக்கிவிடுவது பலர் செய்யும் தவறு: டயர் இன்னும் நெளிந்து இன்னும் சூடாகும்.

பஞ்சர் விஷயத்தில் இந்தக் கம்ப்ரசர் எதுவரை உதவும்? தரையில் படும் பகுதியில் ஆணி ஏறினால் டயரைக் கழற்றவே வேண்டாம். அரத்தால் ஓட்டையைச் சுத்தம் செய்து, பசை தடவிய திரியை ஊசியில் கோத்து உள்ளே குத்தி, ஊசியை வெடுக்கென்று இழுத்து, காற்றடித்து, சோப்பு நீர் ஊற்றிக் குமிழி வருகிறதா என்று பார்த்தால் முடிந்தது. கல் குத்திய நீள ஓட்டைக்கு மூன்று நான்கு திரி சேர்த்துக் குத்த வேண்டியிருக்கும். டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிட்டால் மட்டும் 88பி தடுமாறும், நிமிடத்துக்கு 41 லிட்டர் காற்று விளிம்பைத் தள்ளிப் பொருத்தப் போதாது. ஜாக்கியில் சக்கரத்தைத் தூக்கி, விளிம்பில் சோப்பு நீர் பூசி, டயரின் சுற்றளவில் ராட்செட் பட்டையைக் கட்டி இறுக்கி, வால்வு பின்னைக் கழற்றிவிட்டு நேரடியாகக் காற்றை விட்டால் பல நேரம் பிடித்துக்கொள்ளும். டப் என்ற சத்தம் கேட்டதும் பட்டையைத் தளர்த்துங்கள்.

கரை நெருங்கும் இடத்தில் உப்புப் படிந்த சமதளம் வரும். மேலே காய்ந்த ஓடு, கீழே சேறு. ஏற்கெனவே உள்ள தடத்தை விட்டு விலகினால் ஓடு உடையும். அங்கே காற்றை இறக்கியும் பெரிதாகப் பயனில்லை, கம்ப்ரசரால் செய்யக்கூடியது எதுவுமில்லை. கருத்து ஈரமாகத் தெரியும் இடத்தில் சக்கரம் வைக்கவே கூடாது. கடற்கரையில் அலை ஏறும் கோட்டுக்கு மேலே வண்டியை நிறுத்துங்கள். ஊர் திரும்பியதும் வண்டியின் அடிப்பாகத்தோடு டிஃப்ளேட்டரையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, நகரும் வளையத்தில் ஒரு சொட்டு சிலிகான் எண்ணெய் விடுங்கள். உப்பு உறைந்தால் அந்த வளையம் பாதியில் சிக்கி, மீட்டர் தப்பாகக் காட்டத் தொடங்கும். கிளம்புவதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியின் வால்வு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். மேல் நோக்கி இருந்தால் இறக்கி, 40 பாயிண்ட் ஏற்றி மாட்டிவிடுங்கள். காற்றை இறக்குவது எப்போதும் ஏற்றுவதைவிடச் சுலபம்.