எஞ்சினை இறக்கியாச்சு, ஹெட் கேஸ்கெட்டையும் மாத்தணுமா? ரெண்டு தடவை மாத்தினவன் அனுபவம்

நேத்து ராத்திரி தெரிஞ்ச தம்பி ஒருத்தன் போன் பண்ணி, "அண்ணே, கிளட்ச் மாத்த எஞ்சினை இறக்கிட்டாங்க, எப்படியும் வெளியதானே இருக்கு, ஹெட் கேஸ்கெட்டையும் மாத்திடலாம்னு மெக்கானிக் சொல்றாரு, என்ன பண்றது"ன்னு கேட்டான். ஹெட் கேஸ்கெட்னா எஞ்சின் பிளாக்குக்கும் அதை மூடுற ஹெட்டுக்கும் நடுவுல கசியாம இருக்க வைக்கிற தகடு. அவனோடதும் என்னை மாதிரியே பாக்ஸர் எஞ்சின்தான், அதாவது சிலிண்டருங்க ரெண்டு பக்கமும் படுத்திருக்கிற எஞ்சின். பதில் சொல்லச் சொல்ல எனக்கே குரல் ஏறிடுச்சு, அதான் நிதானமா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

வண்டி நான் வாங்கும்போது 90,000 கிலோமீட்டர், இப்ப 2,40,000. ஓட்டுறதுக்கு அருமையான வண்டி, வளைவுல தரையோட ஒட்டிக்கிட்டு போகும், ஐடில்ல நிக்கும்போது அதிர்வே தெரியாது, அதுல ஒரு குறையும் இல்ல. என்னைப் படுத்தினது ஒரே ஒரு வாசனை. சிக்னல்ல நின்னா ஏசி வழியா லேசா இனிப்பு கலந்த கருகல் வாசம் வரும், கிளம்பினா போயிடும், அடுத்த சிக்னல்ல மறுபடி வரும். பாக்ஸர்ல எக்ஸாஸ்ட் பைப் ஹெட்டுக்கு நேர் கீழயே போகுது, கேஸ்கெட்ல கசியுற கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர வைக்கிற திரவம், சொட்டுச் சொட்டா அந்தச் சூடான பைப்ல விழுந்து கருகுற வாசம்தான் அது.

கசிவு இல்லாத எஞ்சின்ல அதை நானே வரவழைச்சேன், அதுதான் இன்னிக்கும் வயித்தெரிச்சல். 1,40,000-ல கிளட்சுக்கும் பின்பக்க கிராங்க் சீலுக்கும் எஞ்சினை இறக்கினப்ப ரெண்டு பக்கமும் ஹெட்டும் பிளாக்கும் சேர்ற கீழ் விளிம்பு காஞ்சு கிடந்துச்சு, நானே டார்ச் அடிச்சுப் பார்த்தேன். அப்பவும் அதே வார்த்தைதான், "எப்படியும் வெளியதானே இருக்கு". சரின்னுட்டேன். ஹெட்டை லேத்துக்கு அனுப்பவே இல்ல, ஏர் கிரைண்டர்ல சொரசொரப்பு டிஸ்க்கைப் போட்டு பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துட்டு, அதே பழைய மாடல் கிராஃபைட் பூசின கேஸ்கெட்டை வெச்சு மூடிட்டாங்க. 1,63,000-ல வாசனை ஆரம்பிச்சிடுச்சு.

மெக்கானிக் பக்கமும் நியாயம் இருக்கு, அதையும் சொல்லணும். இந்த வேலைல பாதிக்கு மேல எஞ்சினை இறக்கி ஏத்துறதுதான், வண்டிக்குள்ளயே வெச்சு ஹெட்டைக் கழட்டணும்னா ரெண்டு பக்கமும் சேஸிஸ் இடிக்கும், போல்ட்டுக்கு நேரா ரெஞ்ச் போகாது. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கேம் சீல் எல்லாத்தையும் அதே கையோட பார்த்துடலாம். அதோட நேரா நிக்கிற எஞ்சின்ல கேஸ்கெட் பிளாக்குக்கு மேல படுத்திருக்கும், நிறுத்தினதும் ஆயில் கீழ இறங்கிடும், பாக்ஸர்ல கேஸ்கெட் செங்குத்தா நிக்குறதால ஆயிலும் கூலன்டும் ராத்திரி பகலா அந்தக் கீழ் விளிம்புலயே தேங்கி நிக்குது, அலுமினியம் சூட்டுல விரிஞ்சு சுருங்கி உரசி உரசி கிராஃபைட் பூச்சு தேஞ்சு போகுது. அதனால என்னிக்காவது கசியும்னு அவங்க பயப்படுறது தப்பில்ல.

ஆனா நல்லா ஒட்டியிருக்கிற ஹெட்டைத் திறக்கறது சாதாரண விஷயம் இல்லன்னு ரெண்டாவது தடவைதான் புரிஞ்சுது. அந்தத் தடவை ஹெட்டைத் தூக்கிக்கிட்டு லேத்துக்கு நானே போனேன். அங்க இருந்த பெரியவர் ஸ்டீல் ஸ்கேலை மூலைக்கு மூலை வெச்சு, இடுக்கை அளக்குற மெல்லிசுத் தகடான ஃபீலர் கேஜை விட்டாரு, 0.08 மில்லிமீட்டர் பிளேடு தாராளமா உள்ள போச்சு, என் எஞ்சின் மேனுவல்ல 0.05 தாண்டக் கூடாது. அப்புறம் ஃபேஸிங் மெஷின்ல ஏத்தி முதல் கட்டிங் ஓடினதும் ஹெட் முழுக்க பளபளன்னு ஆச்சு, கீழ் மூலையில மட்டும் ரெண்டு விரல் அகலத்துக்கு மங்கலா நின்னுச்சு, கட்டர் அங்க தொடவே இல்ல. டிஸ்க் தோண்டின பள்ளம் அது. வாசனை வந்த பக்கமும் அதே, மூலையும் அதே. அந்த டிஸ்க்ல இருந்து உதிர்ற தூள் ஆயில்ல கலந்தா பேரிங்கையே தின்னுடும், என் நல்ல நேரம் அதுவரைக்கும் போகல.

இந்த முறை பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட். பிளாக் முகத்தையும் அளந்து பார்த்தோம், போல்ட் ஓட்டைல ஒரு சொட்டு ஆயிலோ தண்ணியோ தங்காம காத்தடிச்சுக் காய வெச்சோம், ஏன்னா அடி மூடின ஓட்டைல திரவம் நின்னா போல்ட்டை முறுக்குற அளவு, அதான் டார்க், தப்பாக் காட்டும், பிளாக்கே விரிசல் விடலாம். மேனுவல்ல இருக்கற வரிசைல முறுக்கி, தளர்த்தி, மறுபடி முறுக்கி, கடைசில டிகிரி கணக்குல ரெண்டு திருப்பு. அதுக்கப்புறம் 77,000 கிலோமீட்டர் ஓடிடுச்சு, போன மாசம் கூட அடியில படுத்து விரலால தடவிப் பார்த்தேன், தூசிதான் ஒட்டுச்சு. இந்த வண்டிக்கு நான் பண்ணினதுலயே உருப்படியான வேலை இதுதான்.

அப்ப மாத்திடலாமான்னு கேட்டா, காஞ்சு இருந்தா தொடாதன்னுதான் சொல்லுவேன். 77,000 கிலோமீட்டர் நிம்மதிக்கு அப்புறமும் அந்த "எப்படியும் வெளியதானே"ன்ற வார்த்தையைக் கேட்டா எனக்கு ஆத்திரம்தான் வருது.

தம்பி, நீ எஞ்சின் இறங்குறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கணும். கூலன்ட்ல எஞ்சின் புகை கலக்குதான்னு புகை பட்டா நிறம் மாறுற நீலத் திரவத்தை வெச்சுப் பார்க்கணும்னா எஞ்சின் ஓடணும், ஸ்டாண்ட்ல தொங்கும்போது முடியாது. இனி உன்னால ஆகுறது சிலிண்டருக்குள்ள காத்தை அடிச்சு எவ்வளவு கசியுதுன்னு பார்க்குற லீக் டவுன் டெஸ்ட்டும் கண்ணால பார்க்கறதும்தான். நீ அனுப்பின போட்டோல இடது பக்கம் ஈரமாத் தெரியுறது வால்வ் கவர்ல இருந்து வழிஞ்ச ஆயிலாக் கூட இருக்கலாம், காத்துல அது பின்னாடி அடிச்சு ஹெட் கேஸ்கெட் கசியுற மாதிரியே காட்டும். அதைத் துடைச்சிட்டு ஹெட்டும் பிளாக்கும் சேர்ற கோட்டுல நகத்தால கீறிப் பாரு. வெள்ளையாவோ பச்சையாவோ உப்புப் பூத்த மாதிரி பொருக்கு வந்தா கூலன்ட் கசிஞ்சிருக்கு, அப்ப ஹெட்டைக் கழட்டு, லேத்துக்கு நீயே கூடப் போ. எதுவும் வரலன்னா கிளட்சையும் பின்பக்க சீலையும் போட்டு எஞ்சினை ஏத்தச் சொல்லிடு.