ஹட்டன் கூடைக்கடை: தலைக்கா, முதுகுக்கா, தோளுக்கா?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் சந்தைக்குப் பின்பக்கம் இறங்கும் வழியில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கடை இருக்கிறது. கூடைக்கடை என்று கேட்டால் காட்டிவிடுவார்கள். உள்ளே போனால் கூடை கால்வாசிதான். மற்றதெல்லாம் கயிறு, தேயிலை பறித்துப் போடும் கொழுந்துப் பை, படங்கு, சாக்கு, தோள் வார், இரும்புக் கொக்கி. மனுசன் தன் உடம்பில் எதையாவது ஏற்றிக்கொண்டு நடக்க என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அங்கே உண்டு.

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். பஸ் நிற்கும் இடத்தோடு நல்ல பாதை முடிந்துவிடும். அதற்கு மேலே சீனியும் பருப்பும் என் தோளில்தான் ஏறி வரும். வீட்டுக்காரி கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவள். அம்மா இந்த வயதிலும் விறகு கட்டிக்கொண்டு வருகிறார், சொன்னால் கேட்பதில்லை. ஆகவே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இந்தக் கடையில் வேலை இருக்கிறது.

மற்றக் கடைகளில் "எத்தனை கிலோ தாங்கணும்?" என்று கேட்பார்கள். இங்கே முதலாளி அண்ணன் கேட்பது வேறு: "எதுல தூக்கப் போறீங்க தம்பி? தலையிலயா, முதுகிலயா, தோள்லயா?" அதைச் சொன்ன பிறகுதான் கையை அலுமாரிப் பக்கம் நீட்டுவார். இந்தக் கடை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணமே அந்தக் கேள்விதான். இருபது கிலோ தராசில் ஒன்றுதான். கழுத்தில் இறங்கும்போது ஒன்று, இடுப்பில் இறங்கும்போது இன்னொன்று.

முதலில் கொழுந்துப் பை. டவுனில் வேறொரு கடையில் வாங்கிய பையில் மெல்லிய நைலோன் கயிறு கோத்திருந்தார்கள். சாயந்தரம் வீட்டுக்காரி முக்காட்டை எடுத்தால் உச்சியிலிருந்து காதுவரை சிவப்பாக ஒரு கோடு இருக்கும். இந்த அண்ணன் கயிற்றை நேராகத் தலையில் போடவிடுவதில்லை. தலையில் படும் இடத்துக்கு மூன்று விரல் அகலத்தில் ஒரு பட்டை, அதற்கு உள்பக்கம் பழைய பருத்திச் சேலைத்துணி இரண்டு மடிப்பு வைத்துத் தைத்திருக்கிறார். பட்டையின் இரண்டு நுனியிலும் முடிச்சு இழுபடும். ஆளை நிற்கவைத்து, பையின் வாய் தோளுக்குச் சற்றுக் கீழே வரும்படி இழுத்து விடுகிறார். அதில் விஷயம் இருக்கிறது. பை தாழ்ந்து தொங்கினால் பாரம் கழுத்தைப் பின்னால் இழுக்கும். மேட்டில் ஏறும்போது கொழுந்து கொட்டும். ரொம்ப உயர்ந்தால் பின்னந்தலையில் முட்டும். வாய் சரியான இடத்தில் இருந்தால் இரண்டு கையும் திரும்பிப் பாராமல் கொழுந்தைப் பின்னால் போட்டுக்கொண்டே தேயிலை நிரையில் நகரலாம்.

பையின் துணியும் வலை மாதிரி, காற்றுப் போகிற சாதி. உரப் பையை வெட்டித் தைத்தால் மலிவுதான், ஆனால் அதில் அமுக்கிய கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பேச்சுக் கேட்க வேண்டிவரும். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பார்கள். அந்த நாலரையும் ஒரு பெண்ணின் தலைப்பட்டையில் தொங்கித்தான் வருகிறது.

மூங்கில் கூடையும் வைத்திருக்கிறார். அழகான பின்னல். மழையில் நனைந்தால் கூடையே கனக்கும் என்பதால் எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரும் அதைத் தொடுவதில்லை. அதை வாங்குகிறவர்கள் ஹோட்டல்காரர்கள், படம் பிடிக்க வருகிறவர்கள்.

அடுத்தது தோள். அண்ணன் வவுனியாவில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். அதனால் அவர் வாயில் "காவுறது" என்ற சொல் சரளமாக வரும். நாங்கள் தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் "தூக்குறது" என்றே சொல்லிவிடுவோம். பிள்ளையையும் தூக்குவோம், மா மூட்டையையும் தூக்குவோம். அவர் கணக்கில் தூக்குவது என்பது தரையிலிருந்து மேலே எடுப்பதோடு முடிந்தது. அதை வைத்துக்கொண்டு தூரம் நடப்பதுதான் காவுவது. "காவடி எடுக்கிறீங்களே, அதுல இருக்கிற காவு என்னன்னு நினைச்சீங்க?" என்று கேட்டு, இரண்டு பக்கமும் கொக்கி வைத்த ஒரு காவுதடியை எடுத்துக் காட்டினார். தண்ணீர்க் கேன் கொண்டுபோக நல்ல சாமான். எங்கள் படிக்கட்டின் அகலத்துக்கு ஒத்துவராது, திரும்பும் இடத்தில் இடிக்கும். நான் தோள் வார்தான் வாங்கினேன். 50 கிலோ மூட்டைக்கு அது ஆகாது என்று அவரே சொன்னார். அரை மூட்டைக்கு நன்றாக இருக்கிறது.

அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பதே ஒரு பொழுதுபோக்கு. கனம் சாமானுக்கு, பாரம் ஆளுக்கு என்று பிரித்துப் பேசுவார். காலையில் "பை கனமில்ல" என்கிற அதே பெண் மாலையில் "பாரமாயிருக்கு" என்பாள். அப்போது அவள் சொல்வது பையை மட்டும் இல்லை. பளு என்பது தொழிற்சங்க நோட்டீஸிலும் அலுவலகக் கடிதத்திலும் வருகிற வேலைப்பளுதான், அதற்கு அவரிடம் வார் கிடையாதாம். பொதி என்றால் அவருக்கு மாட்டு முதுகு. ரயில் ஹட்டனுக்கு வந்தது 1884-இல். அதற்கு முந்தி இந்த மலைகளில் சாமான் ஏறியது மாட்டிலும் மனுசத் தலையிலும்தானே. இப்போது ஸ்டேஷனில் பார்சலைப் பொதி என்கிறார்கள், மாட்டைக் காணோம்.

சந்தையில் மூட்டை இறக்கும் நாட்டாமைகளும் கொக்கி வாங்க இங்கேதான் வருகிறார்கள். தமிழ்நாட்டு வாசகர்கள் குழம்ப வேண்டாம். உங்கள் சினிமாவில் நாட்டாமை ஆலமரத்தடியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார். எங்கள் ஊரில் அவர் முதுகில் உருளைக்கிழங்கு மூட்டையோடு "வழி விடு, வழி விடு" என்று ஓடுவார்.

தலைக்கு வாங்கியதுதான் தேறவில்லை. சாக்குத்துணியை வளையமாகச் சுருட்டி, மேலே துணி வைத்துத் தைத்த ரெடிமேட் சும்மாடு. பார்க்கக் கச்சிதமாக இருந்தது. அம்மா தலையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது என் தலைக்கு மசியல" என்று கழற்றி, தன் துண்டையே முறுக்கி வைத்துக்கொண்டு விறகுக் கட்டை ஏற்றச் சொன்னார். ஈரத்துண்டு தலைக்கும் கட்டுக்கும் ஏற்றமாதிரி அமர்கிறது, தைத்த வளையம் அமரவில்லை. பழகாதவர்களுக்கு வேண்டுமானால் உதவும். இப்போது அடுப்படியில் சட்டி வைக்க ஆகிறது.

குறை சொல்லாமல் விடக்கூடாது. எதிலும் விலை ஒட்டியிருக்காது. கொழுந்துப் பை பட்டையோடு 950 ரூபாய் என்றார், எனக்கு முன்னால் வாங்கிய அக்காவிடம் 900 வாங்கினார். கேட்டால் "அவங்க பழைய ஆள்" என்கிறார். தோள் வாரில் போட்டிருந்த பிளாஸ்டிக் பூட்டு மழைக்காலம் முடியுமுன்பே வெடித்துவிட்டது. கொண்டுபோய்க் காட்டினேன். முகம் சுளிக்காமல் இரும்பு வளையம் மாற்றித் தந்தார், ஆனால் வளையத்துக்குக் காசு வாங்கிக்கொண்டார். அதை அவர் வாங்கியிருக்கக் கூடாது என்பது என் கட்சி. புதிதாக வாங்குகிறவர்கள் முதலிலேயே இரும்பு வளையம் கேளுங்கள்.

கொழுந்துப் பை வாங்குவதென்றால் ஆண்கள் தனியாகப் போய் வாங்கி வராதீர்கள். சுமக்கப்போகிறவரைக் கூட்டிக்கொண்டு போனால்தான் அவர் பட்டையை அளந்து முடிச்சுப் போடுவார். காசுதான், கார்ட் எடுப்பதில்லை. சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு கடைக்குள் கால் வைக்க இடமிருக்காது, வார நாளில் காலையில் போய்விடுங்கள்.