பாம்பு விலாங்கா, ஸ்னோஃப்ளேக் மொரேயா, எஞ்சினியர் கோபியா? பெங்களூரு வீட்டு உப்புநீர்த் தொட்டிக்கு ஓர் ஒப்பீடு

நீளமாக நெளியும் கடல் மீன் ஒன்று வேண்டும் என்று கேட்டால், கடையில் காட்டுவது பெரும்பாலும் மூன்றில் ஒன்று: மணலுக்குள் புதையும் பாம்பு விலாங்கு, பாறை இடுக்கில் வாழும் ஸ்னோஃப்ளேக் மொரே, விலாங்கே அல்லாத எஞ்சினியர் கோபி. மூன்றுக்கும் கட்ட வேண்டிய தொட்டி வேறு வேறு. தொட்டியைக் கட்டிவிட்டு மீன் தேடுபவர்கள்தான் பிறகு அவதிப்படுகிறார்கள்.

எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல்முறை விலாங்கு வளர்ப்பவர் ஸ்னோஃப்ளேக் வாங்கட்டும். சிறிய நாலடித் தொட்டிக்கு மேல் இடமில்லாதவருக்கு கோபி போதும். ஐந்தடித் தொட்டியும், இருநூறு கிலோ மணலும், வாரத்தில் பல நாள் மீன் கண்ணில் படாவிட்டாலும் பரவாயில்லை என்ற மனதும் இருப்பவருக்கு மட்டுமே பாம்பு விலாங்கு.

எதை வாங்குகிறோம்

பாம்பு விலாங்கு என்பது 300-க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெரிய குடும்பம். வீட்டுத் தொட்டிக்குப் பொருந்துவது மிரிக்திஸ் பேரினம். அதில் இரண்டு கடைக்கு வரும்: கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட கொலுப்ரினஸ், பழுப்புப் புள்ளி போட்ட மாக்குலோசஸ். இரண்டுமே முழு வளர்ச்சியில் ஒரு மீட்டரை நெருங்கும். பட்டைக்காரன் கடல்பாம்பைப் போலவே தோற்றம் காட்டுவதால் வீட்டுக்கு வருபவர்கள் பயப்படுவார்கள். விஷம் கிடையாது. கடல்பாம்புக்கு உடலில் செதில் இருக்கும், வால் துடுப்புபோலத் தட்டையாக இருக்கும், மூச்சுக்கு மேலே வரும். விலாங்குக்குச் செதில் இல்லை. வால்நுனி கெட்டியாகக் கூர்ந்திருக்கும். அந்த வாலால்தான் பின்பக்கமாகவே மணலுக்குள் இறங்கிவிடுகிறது.

‘ஸ்னேக் ஈல்’ என்ற ஒரே பெயரில் வேறு ஒன்றும் விற்பனைக்கு வரலாம். கண்கள் மூக்குநுனிக்கு மிக அருகில், உதட்டோரம் குஞ்சம் போன்ற ஓரங்கள், அகன்ற வாய், கூர்ப்பல் என்றிருந்தால் அது பிராக்கிசோமோஃபிஸ். மணலில் தலையை மட்டும் நீட்டிக் காத்திருந்து மேலே போகும் மீனைப் பிடிப்பது அதன் தொழில். அதை விட்டுவிடுங்கள். மிரிக்திஸின் பற்கள் மழுங்கலானவை, நண்டையும் இறாலையும் நொறுக்குவதற்கானவை.

ஸ்னோஃப்ளேக் (எக்கிட்னா நெபுலோசா) நம் கரையோரத்தார் அஞ்சாலை என்று சொல்லும் மொரே வகையைச் சேர்ந்தது. இதற்கும் மழுங்கல் பல்தான். தொட்டியில் பெரும்பாலும் 60 முதல் 70 செ.மீ.யில் நின்றுவிடும். இதன் இடத்தில் ‘நன்னீர் மொரே’ என்று சொல்லி ஜிம்னோதோராக்ஸ் டைல் என்ற கழிமுக இனத்தைத் தள்ளிவிடுவது உண்டு. நன்னீரில் சில காலம் தாக்குப்பிடிக்கும், பிறகு சாப்பாட்டை நிறுத்திவிடும்.

எஞ்சினியர் கோபி 30 செ.மீ.யைத் தாண்டும். குட்டியில் நீளவாக்கில் கோடு, வளர்ந்ததும் குறுக்குப் பட்டை. குட்டிகளைக் கூட்டமாகப் பார்த்து வாங்கும்போது மீசை இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் அது வரிக் கடல்கெளுத்தி, அதன் முள்ளில் விஷம் உண்டு.

தோட்ட விலாங்கைப் பற்றி ஒரே வரி: கூட்டமாக, ஓரடி ஆழ மணலில், நாளுக்குப் பலமுறை நீரில் மிதக்கும் நுண்ணிய உணவு கொடுத்து வளர்க்க வேண்டியது, வீட்டுக்கு வேண்டாம். 2020 ஊரடங்கில் மனிதமுகம் மறந்துவிடக் கூடாது என்று டோக்கியோவின் சுமிதா மீன்காட்சியகம் இவற்றுக்கு வீடியோ கால் செய்யும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. அவ்வளவு கூச்சம்.

மணல்தான் செலவு

பாம்பு விலாங்கின் விலையைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். பணம் மணலில் போகிறது. 5×2×2 அடித் தொட்டியில் ஆறு அங்குல மணல் என்றால் 5 கன அடி, அதாவது சுமார் 140 லிட்டர். அரகோனைட் என்ற சுண்ண மணல் லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. மொத்தம் 210 கிலோ. தண்ணீர், 12 மி.மீ. கண்ணாடி, இரும்பு ஸ்டாண்டு, சம்ப் (கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) எல்லாம் சேர்ந்தால் 900 கிலோவைத் தொடும். வீட்டு அறைகளின் தளத்துக்கு நம் கட்டடத் தரக்குறியீடு எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ. தொட்டி நிற்பதோ ஒரு சதுர மீட்டருக்கும் குறைவான இடத்தில். அடுக்குமாடியில் மேல்தளம் என்றால் அறை நடுவில் வைக்காதீர்கள். பீம் ஓடும் சுவரை ஒட்டி, தூணுக்கு அருகில் வையுங்கள், முன்னதாக ஒரு கட்டுமானப் பொறியாளரிடம் காட்டிவிடுங்கள்.

எடையைக் குறைக்க ஒரு வழி உண்டு. தொட்டிக்குள் ஆறு அங்குல உயரக் கண்ணாடிப் பட்டையைக் குறுக்கே சிலிக்கான் வைத்து ஒட்டி, மூன்றடி நீளத்துக்கு மட்டும் மணல் போடுங்கள். சுமார் 125 கிலோவில் முடிந்துவிடும். மீதி இரண்டடியில் வெறும் அடித்தளமும் பாறையும். ஒரு மீட்டர் மீனுக்கு மூன்றடிப் படுக்கை போதும், ஏனென்றால் அது வளைந்துதான் படுக்கும்.

மணலின் பருமன் ஒரு மி.மீ.க்குள் இருக்கட்டும். நொறுக்கிய பவளத்துண்டுகளைப் போட்டால் செதிலற்ற தோல் உராய்ந்து, சிவந்து, பாக்டீரியா ஏறிவிடும். விலாங்கு வயிற்றுப்பக்கம் சிவந்திருந்தால் முதலில் மணலைச் சந்தேகிக்க வேண்டும், பிறகுதான் நோயை. ‘பி.வி.சி. பைப் போட்டால் போதும், மணலே வேண்டாம்’ என்ற ஆலோசனை மொரேவுக்குச் சரி. பாம்பு விலாங்கு மணலில்லாத தொட்டியில் இரவெல்லாம் கண்ணாடியோரம் நீந்தும், உணவை மறுக்கும், கடைசியில் மூடியில் வழி தேடும்.

பாறையை மணல்மேல் வைக்கக் கூடாது. அடிக்கண்ணாடியில் பி.வி.சி. கால்களை நிறுத்தி, அவற்றின் மேல் பாறையை அமைத்து, அதன் பிறகே மணலைக் கொட்டுங்கள். இல்லாவிட்டால் விலாங்கு அடியில் தோண்ட, பாறை சரிந்து அதையே நசுக்கும். அல்லது கண்ணாடியில் மோதும். உயிர்ப்பாறை (நுண்ணுயிர் படிந்த பவளப்பாறைத் துண்டு) தேடி அலைய வேண்டாம். பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. செராமிக் பாறையே போதும்.

ஆழ மணலில் இன்னொரு வம்பு, அடியில் ஆக்சிஜன் இல்லாமல் கறுத்துப்போவது. விலாங்கு புழங்கும் பகுதி தானாகக் கிளறப்படும். அது போகாத மூலையில் ஹைட்ரஜன் சல்பைடு சேரும். அழுகிய முட்டை வாடை வந்தால் அதுதான். தொடக்கத்திலிருந்தே வாரம் ஒரு பகுதியாக அக்ரிலிக் குச்சியால் கிளறுங்கள். ஒரு வருடம் தொடாத மணலை ஒரே நாளில் கிளறினால் தொட்டி முழுவதும் விஷமாகும். அப்படிக் கறுத்துவிட்டால் மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, அந்தப் பகுதியைக் குழாயால் உறிஞ்சி வெளியே எடுப்பதுதான் பாதுகாப்பு.

இத்தனைக்கும் எதிர்ப்பக்கம் ஸ்னோஃப்ளேக்கைப் பாருங்கள். 4×2×2 அடி (சுமார் 450 லிட்டர்), இரண்டு மூன்று செ.மீ. மணல், பாறைக்கு அடியில் இரண்டங்குல பி.வி.சி. பைப் துண்டுகள் நாலு. பகலெல்லாம் இடுக்கிலிருந்து முகம் நீட்டிக்கொண்டிருக்கும். கோபிக்கு 4×1.5×1.5 அடியே (சுமார் 255 லிட்டர்) போதும். நாலங்குல மணலில் பாறைத்துண்டுகளைக் கலந்துவிடுங்கள், மீதிச் சுரங்கத்தை அதுவே வாயால் அள்ளி அள்ளிக் கட்டிக்கொள்ளும். பாறையை அடிக்கண்ணாடியில் நிறுத்தும் விதி கோபிக்கும் அப்படியே பொருந்தும்.

மூடி

கோபிக்குச் சாதாரண மூடி போதும். ஸ்னோஃப்ளேக் தலையால் முட்டித் தூக்கும், ஆகவே கிளிப் வேண்டும். பாம்பு விலாங்குக்கு இரண்டும் போதாது, ஒரு செ.மீ. இடைவெளியே அதற்கு வாசல். அக்ரிலிக் மூடி ஈரத்தில் வளைந்து மூலை தூக்கிக்கொள்ளும். கண்ணாடியோ, சட்டத்தில் இறுக்கிய 5 மி.மீ. வலையோ போடுங்கள். சம்ப்பிலிருந்து நீர் திரும்பும் ரிட்டர்ன் குழாய், ஹீட்டர் வயர் நுழையும் வெட்டுகளை ஸ்பாஞ்சால் அடைக்காதீர்கள், பிய்த்துவிடும். அக்ரிலிக் துண்டை வெட்டி ஒட்டுங்கள். பலரும் மறப்பது, நீர் வழிந்து சம்ப்புக்கு இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியின் பல்வரிசையை. அதற்கும் வலை கட்ட வேண்டும். ஆனால் அந்த வலை பாசியால் அடைத்தால் தொட்டி பொங்கித் தரையில் வழியும். வாரம் ஒருமுறை கழுவியே ஆக வேண்டும்.

தீனி

கோபி பெல்லட் முதல் நறுக்கிய இறால்வரை எதையும் தின்னும். மற்ற இரண்டுக்கும் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் கிடைக்கும் கடல் இறால், கணவாய், நண்டுத் துண்டு, மட்டி போதும். ஓடு, தோலோடு கொடுங்கள். மசாலா தடவியதோ உப்பில் ஊறியதோ கூடாது. வாங்கியதும் ஒருவேளை அளவாகப் பிரித்து உறைய வையுங்கள். இறாலை மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால் பி1 வைட்டமின் குறைபாடு வரும், எனவே வகை மாற்றி, வாரம் ஒருமுறை வைட்டமின் சொட்டில் ஊறவைத்துக் கொடுங்கள். கட்லா குஞ்சு, கப்பி போன்ற நன்னீர் மீன்களைத் தீனியாக்க வேண்டாம்.

ஸ்னோஃப்ளேக் வந்த முதல் வாரத்திலேயே இடுக்கியிலிருந்து வாங்கிவிடும். வாரம் இருமுறை, வயிறு லேசாகப் புடைக்கும்வரை. பாம்பு விலாங்கு இரண்டு மூன்று வாரம் பட்டினி கிடக்கலாம். விளக்கணைத்து அரைமணி கழித்து, 45 செ.மீ. இடுக்கியில் நண்டுத் துண்டைப் பிடித்து, மணலில் தெரியும் மூக்குக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் ஆட்டாமல் வையுங்கள். கண்ணால் அல்ல, குழாய்போல் நீண்ட மூக்குத்துளையால்தான் அது தேடுகிறது. அப்போதும் எடுக்காவிட்டால் உயிருள்ள சிறு நண்டு. கையால் கொடுக்கும் வித்தை இரண்டுக்குமே வேண்டாம். விரலுக்கும் இறாலுக்கும் வித்தியாசம் அவற்றுக்குத் தெரியாது.

பெங்களூருக் கணக்கு

ஒரு விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். சென்னையிலும் மும்பையிலும் சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாமல் கோடையைக் கடப்பது கடினம். இங்கே மார்ச், ஏப்ரலில் காற்று வறண்டிருப்பதால் நீர்ப்பரப்பின்மேல் ஃபேன் வைத்தாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகும் நீருக்கு ஈடாக ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றுங்கள், உப்புநீரை அல்ல. டிசம்பர் இரவுகளில் ஒரே பெரிய ஹீட்டருக்குப் பதில் 300 வாட் ஹீட்டர் இரண்டு: ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கும். இலக்கு 24–27 டிகிரி, அடர்த்தி 1.024–1.025.

கரண்ட் போனால் முதலில் தவிப்பது ஆக்சிஜனுக்கு. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் நீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜனும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. இன்வெர்ட்டரில் ரிட்டர்ன் பம்பை மட்டும் இணையுங்கள், கூடவே பேட்டரி ஏர்பம்ப் ஒன்று.

போர்வெல், டேங்கர் தண்ணீரை நேரே பயன்படுத்த முடியாது. சமையலறை ஆர்.ஓ.வில் டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் சுத்திகரிக்காத தண்ணீரைத் திரும்பக் கலக்கும். அதை மூடிவிட்டு, பின்னால் மிச்ச உப்பையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின் சேர்த்து, டி.டி.எஸ். மீட்டர் 5-க்குள் காட்டினால் எடுங்கள். லிட்டருக்கு 37 கிராம் கடலுப்புக் கலவை என்று தொடங்கி, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் சரிபாருங்கள். வாரம் 45 லிட்டர் மாற்றினால் உப்புச் செலவு ஒன்றேமுக்கால் கிலோவுக்குச் சற்றுக் கீழே.

கூட்டாளிகளும் நோயும்

இறால், நண்டு எதையும் இந்த இரு விலாங்குகளோடு விடாதீர்கள். கிளீனர் இறாலும் தீனிதான். அடியில் தூங்கும் சிறுமீன்கள் இரவில் காணாமல் போகும். ஓரா, டேங், பெரிய ஏஞ்சல் வகை மீன்கள் பொருந்தும். டிரிகர், பஃபர் மீன்கள் மணலில் நீட்டிய விலாங்கின் மூக்கைக் கடிக்கும். கோபி குட்டிகளை மூன்று நான்காக வளர்க்கலாம்.

ஒட்டுண்ணிக்குப் போடும் செப்பு மருந்து இரண்டு விலாங்குகளுக்கும் ஆகாது. பாம்பு விலாங்குக்கு இன்னொரு சிக்கல்: புது மீனை முதலில் தனியே வைத்துக் கவனிக்கும் தனிமைத் தொட்டியிலும் அதற்கு மணல் டப் வைக்க வேண்டும், சுண்ண மணல் செப்பை உறிஞ்சி அளவையே கெடுத்துவிடும். ஒட்டுண்ணிச் சந்தேகம் என்றால் வெப்பமும் பி.ஹெச்.சும் ஒத்த ஆர்.ஓ. நீரில் மூன்று முதல் ஐந்து நிமிடக் குளியல், அருகிலேயே நின்று பார்த்துக்கொண்டு. தனிமைக் காலம் நாலிலிருந்து ஆறு வாரம்.

வாங்கும் நாள்

இங்கே கிடைக்காமல் சென்னை கொளத்தூரிலிருந்து கொண்டுவருபவர்கள் அதிகம். மீன் சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பாம்பு விலாங்கு என்றால் மணல் உள்ள பெட்டியில் விடச் சொல்லிப் பாருங்கள். சட்டெனப் புதையாமல் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால் வேண்டாம். கடையின் உப்பு அடர்த்தியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல கடைகள் 1.020-க்குக் கீழே வைத்திருக்கும். தனிமைத் தொட்டியை அதே அளவில் தயாராக்கி, பிறகு நாளுக்கு 0.001 முதல் 0.002 வரை ஏற்றுங்கள்.

பயணத்துக்குப் பையைவிடக் கிளிப் மூடி வாளி நல்லது, மேலே பேட்டரி ஏர்பம்ப். முந்திய இரண்டு நாள் தீனி கொடுக்க வேண்டாம் என்று கடையில் சொல்லிவையுங்கள். பையில்தான் வருகிறது என்றால், திறந்த பிறகு மணிக்கணக்கில் சொட்டுச்சொட்டாகப் பழக்காதீர்கள்: கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பி.ஹெச். ஏறும், அதுவரை அடங்கியிருந்த அமோனியா விஷமாகும். மூடிய பையை மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன்செய்து, உப்பளவு ஒத்திருந்தால் உடனே மாற்றுங்கள், பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

முக்கியத் தொட்டிக்கு மாற்றும் முதல் இரவில்தான் வெளியேறும் முயற்சி அதிகம். விளக்கை அணைத்து, மூடியின் விளிம்புகளை டேப்பால் ஒட்டிவிடுங்கள். காலையில் மீனைக் காணவில்லை என்று மணலைத் தோண்ட வேண்டாம். முதலில் ஓவர்ஃப்ளோ பெட்டி, அடுத்து சம்ப்பின் ஃபில்டர் சாக் (வடிகட்டும் பை), பிறகு ஸ்டாண்டுக்குப் பின்னால் தரை என்ற வரிசையில் தேடுங்கள்.