மார்பின்: மணிக்கணக்கிலா, வலிக்கும்போதா?

வீட்டில் வைத்துப் பார்க்கும் கடைசிக்கட்ட நோயாளிக்கு, கடும் வலிக்கான அபின் வகை மருந்தான மார்பின் எழுதியதுமே குடும்பம் இரண்டாகப் பிரியும். "வலி தாங்கலையே, கொடு" என்பார் ஒருவர். "கொடுத்தா அப்புறம் கண்ணே திறக்க மாட்டாங்க" என்பார் இன்னொருவர். மருந்தை எப்படி எழுதித் தருகிறார்கள் என்பதைப் பொறுத்து இந்தச் சண்டை வளரும், அல்லது அடங்கும்.

"வலிக்கும்போது மட்டும்" என்று எழுதினால் வேளைக்கொரு வாக்குவாதம். வாய்வழி மார்பின் திரவம் வேலையைத் தொடங்கவே 20–30 நிமிடம் ஆகும். முழுப் பலன் தெரிய ஏறக்குறைய ஒரு மணி நேரம். கொடுக்கலாமா என்று பேசியே அரை மணி போனால் வலி முற்றிவிடும். முற்றிய வலியை இறக்கக் கூடுதல் மருந்து வேண்டும், அதில் தூக்கம் அசத்தும், எதிர்த்தவர் அதையே சாட்சியாக்குவார். கடைசி டோஸைக் கொடுத்தவர் "நான்தான் கொன்றேனோ" என்று பல வருடம் சுமப்பதுதான் இதில் மிகக் கொடுமை.

மணிக்கணக்கில், அதாவது வலி வரக் காத்திராமல் குறித்த நேரத்துக்கு ஒருமுறை, கொடுப்பதென்றால் முடிவு ஒரே ஒருமுறை, மருத்துவர் முன்னிலையில். முன்பு இந்த வகை மருந்து எடுக்காதவருக்குப் பொதுவாக 4 மணிக்கொரு முறை 2.5 முதல் 5 மி.கி. வரை. இதற்கு நடுவே வலி எட்டிப் பார்த்தால், ஒரு நாள் மொத்த அளவில் பத்தில் ஒன்று முதல் ஆறில் ஒரு பங்கு: நாளுக்கு 30 மி.கி. என்றால் 3–5 மி.கி. மலச்சிக்கல் நாளாக ஆகக் குறையாது. ஆகவே மலமிளக்கி முதல் நாளிலிருந்தே. மருந்தை மெல்ல மெல்ல விடும் 12 மணி நேர மாத்திரையைப் பொடிக்கவே கூடாது, முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மருந்தின் கழிவு உடலில் தேங்கி, கைகால் வெட்டி இழுக்கும், பேச்சு குழறும். அதை வலியென்று நினைத்து டோஸைக் கூட்டிவிடுவது நடக்கிற தவறு. உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

விழுங்க முடியாமல் போனால் தோலடியில் 24 மணி நேரம் மருந்து செலுத்தும் சிரிஞ்ச் பம்ப். செவிலியரே நிரப்புவதால் குடும்பத்தார் கையில் பழி விழாது. ஆனால் கடைசி நாட்களில்தான் பெரும்பாலும் மாட்டுகிறோம் என்பதால் "பம்ப் போட்டதும் போயிட்டாங்க" என்ற பேச்சு வரும். விட்டு விட்டு வரும் மூச்சு மரணம் நெருங்குவதன் இயல்பு என்பதை மாட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஓயாத வலிக்கு மணிக்கணக்குதான் சரி. இதில் எங்களுக்குத் தயக்கமில்லை. புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது மட்டும் வலிப்பவருக்கு, அரை மணி முன்னதாக ஒரு டோஸ் போதும். எந்த முறையானாலும் ஒரு தாளில் நேரம், அளவு, கொடுக்குமுன் முகம் சுளிப்பும் முனகலும், ஒரு மணி கழித்து மூச்சு எண்ணிக்கை என்று எழுதி வாருங்கள். அந்தத் தாளை நிரப்பும் பொறுப்பை, எதிர்ப்பவரிடமே கொடுங்கள்.